பல ஆண்டுகள் நின்றுபோன குடும்ப டிரக்கை வீட்டிலேயே ஓடவைப்பது: முதல் முறை இறங்குகிறவர்களுக்கு

அப்பாவின் டிரக் 11 ஆண்டுகள் கொட்டகையில் நின்றது. ஓராண்டில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். இரண்டே முக்கால் ஆண்டு ஆனது. அதில் ஒன்பது மாதம் முழுக்க வீண். முதல் வாரத்திலேயே வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டதுதான் காரணம். முன்பக்கத் தகடுகள் ஒரு மூலையில், பிரேக் பாகங்கள் ஒரு பெட்டியில், எல்லா நட்டு போல்ட்டுகளும் ஒரே வாளியில். பிறகு எதை எங்கே பூட்டுவது என்று தெரியாமல், வண்டி இருந்த இடத்தில் ஒரு குவியல்தான் இருந்தது.

அந்த ஒன்பது மாதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு பகுதியைக் கழற்றினால், அதை முடித்துப் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வண்டி எந்த வாரத்திலும் நான்கு சக்கரங்களில் தள்ளக்கூடிய வண்டியாகவே இருக்க வேண்டும். வேலை தடைபட்டாலும், பணம் தீர்ந்தாலும், உடல்நலம் கெட்டாலும் அது வண்டியாகவே காத்திருக்கும்.

1. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆவணங்களை எடுங்கள்

பதிவுச் சான்றிதழ், பழைய காப்பீட்டுத் தாள்கள், வரி கட்டிய ரசீதுகள், வண்டியோடு வந்த கையேடு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். குடும்ப வண்டிகளில் வழக்கமான சிக்கல், பதிவு இன்னும் காலமானவர் பெயரிலேயே இருப்பது. பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசு உரிமைக்கான சான்று, மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் போன்றவை தேவைப்படலாம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் நாளே விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டும் ஒருசேர நடக்கட்டும். உடன்பிறந்தவர்களின் சம்மதத்தை வாய்வார்த்தையாக விடாதீர்கள். ஓடாத வண்டியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மெருகேறி நிற்கும் வண்டிக்கு எல்லோரும் பங்காளிகள்.

அடுத்து, சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே தேடிப் படித்து, சான்றிதழில் இருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் பெரும்பாலும் நீளவாட்டுச் சட்டத்தில் கொத்தப்பட்டிருக்கும். கதவுத் தூணிலோ எஞ்சின் அறைத் தகட்டிலோ இன்னொரு முறை இருக்கும். கம்பித் தூரிகையை அங்கே அழுத்தித் தேய்க்காதீர்கள், அரைப்பு இயந்திரத்தைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்; எண் அழிந்தால் வண்டியை அழித்ததற்குச் சமம். மண்ணெண்ணெய் நனைத்த துணியும் பொறுமையும் போதும். எண் தெளிந்ததும் புகைப்படம் எடுங்கள். 1980களின் தொடக்கத்துக்குப் பின் வந்த பல வண்டிகளில் சேசிஸ் எண் எழுத்தும் இலக்கமும் சேர்த்து 17 குறிகள் கொண்டது. அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான்.

எண் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். எப்போதோ எஞ்சின் மாற்றப்பட்டு அது பதியப்படாமல் போயிருக்கலாம். அதைச் சரிசெய்ய முடியுமா என்று பதிவு அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே பணத்தை இறக்குங்கள். இந்த வயது வண்டி சாலையில் ஓட அனுமதி உண்டா, எந்தத் தகுதிச் சோதனையில் தேற வேண்டும், நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் அதே வருகையில் கேளுங்கள். சோதனையில் எவற்றையெல்லாம் பார்ப்பார்கள் என்ற பட்டியல் கிடைத்தால் வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

2. வண்டி காப்பாற்றத் தக்கதா? இரண்டு சோதனைகள்

பெயின்ட் உதிர்ந்ததும் இருக்கை கிழிந்ததும் கண்ணை உறுத்தும், ஆனால் அவை பொருட்டல்ல. பார்க்க வேண்டியவை இரண்டு: சட்டம், எஞ்சின்.

சட்டத்துக்கு ஒரு சிறு சுத்தியலும் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். சட்டத்தின் முழு நீளத்துக்கும் ஒரு கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; உள்ளே அரித்த இரும்பு மொத்தென்று அடங்கிவிடும். ஒலி மாறும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்துங்கள். என் வண்டியில் பின்பக்க ஸ்பிரிங் பட்டை தொங்கும் தாங்கிக்கு ஒரு சாண் முன்னால் முனை விரல் நீளத்துக்கு உள்ளே போயிற்று. இழுத்தபோது சிவப்புத் தூள் கொட்டியது. மேலே பூசியிருந்த தாரும் கறுப்புப் பெயின்டும் மட்டுமே அந்த இடத்தை மூடி வைத்திருந்தன. கூர்ந்து பார்க்க வேண்டிய இடங்கள்: லீஃப் ஸ்பிரிங் தாங்கிகளைச் சுற்றி, குறுக்குச் சட்டங்கள் சேருமிடம், பின் ஆக்ஸிலுக்கு மேலே வளையும் பகுதி, பேட்டரித் தட்டுக்கு நேர்கீழே. பேட்டரியிலிருந்து கசியும் அமிலம் பல ஆண்டுகளுக்கு இரும்பைத் தின்றுகொண்டிருக்கும்.

ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் அரித்திருந்தால் நல்ல வெல்டரால் சரிசெய்ய முடியும். சட்ட வெல்டிங்கை மட்டும் பழகிக்கொள்ளும் இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அனுபவசாலியிடம் கொடுங்கள். ஸ்பிரிங் தாங்கிகளும் ஸ்டியரிங் பெட்டியும் பூட்டிய இடங்களே அரித்துப் பல இடங்களில் தட்டு மொத்தென்று கேட்டால், கைவிடுவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அதுதான்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இன்னும் நாள் இருக்கிறது. இப்போது அது சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். நீண்ட நாள் நின்ற எஞ்சினைச் செல்ஃப் மோட்டாரால் சுற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சிலிண்டர் சுவரில் துருப்பிடித்திருந்தால் பிஸ்டன் வளையம் அந்த ஒரே நொடியில் உடையலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். டீசல் வண்டியானால் ஹீட்டர் பிளக் அல்லது இன்ஜெக்டர் இருந்த துளை வழியே விடலாம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினின் முன்முனையில் பெல்ட் ஓடும் கிராங்க் கப்பியின் நடு போல்ட்டில் நீண்ட பிடிச் சாக்கெட்டைப் பூட்டி, எஞ்சின் இயல்பாகச் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நடுவில் இடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள். டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம அளவில் கலந்து ஊற்றி ஒரு வாரம் காத்திருங்கள். என் எஞ்சின் ஒன்பதாம் நாள்தான் அசைந்தது.

எஞ்சினில் டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் ரப்பர் பட்டை) இருந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நின்றே பழுத்த ரப்பர் முதல் ஓட்டத்தில் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

3. பணத்தையும் நாளையும் எப்படிக் கணக்கிடுவது

எஞ்சினுக்குத்தான் பாதிப் பணம் போகும் என்று நினைத்தேன். முடித்துவிட்டு ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தபோது எஞ்சினுக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பாதிக்கும் மேல் தின்றவை தகட்டு வேலையும் பெயின்டும். அதற்கு அடுத்து, யாரும் எண்ணிப் பார்க்காத சிறு சாமான்கள். கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர், ஹோஸ்கள், புஷ்கள், ஆயில் சீல்கள், கிளிப்புகள். ஒவ்வொன்றும் சிறு தொகை, எண்ணிக்கையோ நூறைத் தாண்டும்.

அதனால் கையில் இருக்கும் தொகையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு பாதுகாப்பாக நிற்கவும் ஓடவும் வேண்டியவற்றுக்கு: பிரேக், ஸ்டியரிங், டயர், எஞ்சின், வயரிங். ஒரு பங்கு உடலுக்கும் உள்ளலங்காரத்துக்கும். மூன்றாம் பங்கைத் தொடவே கூடாது. கழற்றிய பிறகுதான் தெரியவரும் பழுதுகளுக்கு அது போய்விடும். அந்தப் பங்கை ஒதுக்க முடியாது என்றால் வேலையைத் தொடங்கும் நாளைத் தள்ளிப்போடுங்கள்.

நாள் கணக்குக்கு என் அனுபவம் சொல்வது: வார இறுதிகளில் மட்டும் வேலை செய்கிறவருக்கு, நான்கு சக்கரப் பிரேக்குகளும் பைப்புகளும் முடிய ஆறு முதல் எட்டு வாரம். எஞ்சினை இறக்காமல் ஓடவைக்க ஒரு மாதம். தகட்டு வேலை ஆறு மாதத்துக்குக் குறையாது. வெளியே கொடுக்கும் வேலைகளான லேத் வேலை, ரேடியேட்டர் சுத்தம், டிரம் கடைதல் ஆகியவற்றில் காத்திருப்பதிலேயே பாதி நாள் கழியும். ஆகவே அவற்றை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அவை வரும்வரை உள்ளே செய்யக்கூடிய வேலையைச் செய்யுங்கள்.

உதிரிபாகங்களில் ஒரு பொறி உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் முதல் மாதமே வாங்கிக் குவிக்காதீர்கள். நான் அப்படி வாங்கிய கிளட்ச் தட்டைப் பத்து மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், அதன் நடுத்துளைப் பற்களின் எண்ணிக்கையே வேறு. திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பாகங்கள் மாறியிருக்கும். பழைய பாகத்தைக் கழற்றி, அதில் பொறித்த எண்ணைக் குறித்து, பாகத்தையும் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். புதியது பூட்டப்பட்டு வேலை செய்யும்வரை பழையதை எறியவே எறியாதீர்கள்.

4. இடமும் கருவியும்

தரை கெட்டியான, சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. வண்டியின் எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகள் நான்கு வாங்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக், அடுக்கிய பலகை, பழைய சக்கர வளையம் எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்றல்ல. ஹாலோ பிளாக் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் இறக்கியதும் வண்டியைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அது அசையக்கூடாது. அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். நீங்கள் அடியில் இருக்கும் நேரத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

கருவிகளில் தரமானதாக வாங்க வேண்டியவை அறுமுகச் சாக்கெட்டுகள், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), பிரேக் பைப் நட்டுகளுக்கான ஸ்பேனர், மல்டிமீட்டர். பன்னிரண்டு முனைச் சாக்கெட் துருவேறிய போல்ட்டின் முனைகளை வழித்துவிடும், அறுமுகம்தான் பிடிக்கும். தீயணைப்பான் ஒன்று கதவுக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில்.

5. கழற்றும் முறை

ஒரு பகுதியைத் தொடுமுன் நான்கு கோணங்களில் புகைப்படம். கழற்றிய போல்ட்டுகளை முடிந்தவரை அவை வந்த துளையிலேயே இரண்டு சுற்று திருகி வையுங்கள். முடியாதவற்றைத் தனித்தனிப் பையில் போட்டு, எங்கே இருந்தது, எத்தனை, வாஷர் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பையின் மேல் எழுதினால் எண்ணெய் பட்டு அழியும். சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே போடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டோடு சண்டை போடுவதில்தான் ஆரம்ப மாதங்கள் கழியும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவு ஒரு முறை, காலையில் ஒரு முறை விடுங்கள். கழற்றும் திசையில் முதலில் இழுக்காதீர்கள். இறுக்கும் திசையில் மயிரிழை அசையுங்கள், துருவின் பிடி உடையும். பிறகு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. கிறீச்சென்ற ஒலி நல்ல சகுனம். இழுக்க இழுக்க எதிர்ப்பே குறைந்து மெத்தென்று சுற்றினால் போல்ட் முறுகிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்தி மறுபடி ஊறவிடுங்கள். நெருப்பால் சூடாக்குவது நன்றாக வேலை செய்யும், ஆனால் எரிபொருள் பைப், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.

6. முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின்

எஞ்சின் சத்தத்தைக் கேட்க மனம் துடிக்கும். எனக்கும் துடித்தது. ஓடுகிற எஞ்சினும் நிற்காத பிரேக்கும் சேர்ந்த வண்டியை யாரோ ஒருவர் "கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போமே" என்று எடுத்துவிடுவார். அதனால்தான் இந்த வரிசை.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத் தூள் படிந்திருக்கும். பழைய பிரேக் லைனிங்குகள் பலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது. அந்தத் தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

ஒரு சக்கரத்தை முடித்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போங்கள். ஸ்பிரிங் எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்ற குழப்பம் வரும்போது எதிர்ப்பக்கம் அப்படியே இருப்பதுதான் உங்கள் வரைபடம். ஆனால் பாகங்களை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ரப்பர் பிரேக் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே வெடிப்பே இல்லாத என் முன்பக்க ஹோஸ் ஒன்று, பெடலை விட்ட பிறகும் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வீல் சிலிண்டரைக் குற்றம் சொல்லி மாற்றினேன், பயனில்லை. கடைசியில் ஹோஸை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தபோது உட்சுவர் உப்பி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பெடலின் அழுத்தம் ஆயிலை உள்ளே தள்ளிவிடுகிறது; திரும்பி வர அதற்கு வழியில்லை. ஹோஸை முதலிலேயே மாற்றியிருந்தால் ஒரு சிலிண்டர் காசும் மூன்று வார இறுதிகளும் மிச்சம். இரும்புப் பைப்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் குழியும் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். அதனால் பழையதை முழுக்க வெளியேற்றி, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். வண்டியின் பிரேக் ஆயில் தொட்டி மூடியில் எழுதியிருக்கும் வகையையே பயன்படுத்துங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன். 3, 4, 5.1 ஆகியவற்றோடு அதைக் கலக்கக் கூடாது. ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பிரேக் பைப்புகளில் சிக்கிய காற்றை எடுக்கும்போது, பொதுவாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் நேராக அழுத்தும் சிலிண்டர்) தொலைவான சக்கரத்தில் தொடங்கி அருகே வர வேண்டும். கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு காற்று எடுத்தால் பெடலைத் தரைவரை அழுத்த வேண்டாம். வழக்கமாகப் போகாத ஆழத்தில் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும். அங்கே ரப்பர் சீல் போனால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள்.

7. எஞ்சினுக்கு உயிர் கொடுப்பது

கையால் சுற்றிய எஞ்சினுக்கு அடுத்தது அழுத்தச் சோதனை. எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அளவியை வைத்து செல்ஃபால் சுற்றுங்கள். பழைய பெட்ரோல் எஞ்சின்களில் அளவு பெரும்பாலும் 100 முதல் 170 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) வரை வரும். சிலிண்டர்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் இங்கே முக்கியம். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்கும் கீழே போனால், அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளவிடுங்கள். ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், எஞ்சின் பிளாக்குக்கும் மேல்மூடிக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். டீசலின் அழுத்தம் இதைவிட மிக அதிகம். அதற்கு வேறு அளவி வேண்டும்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்து அகற்றுங்கள். வார்னிஷ் நாற்றம் அடித்தால் கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவ வேண்டியிருக்கும். முதல் ஓட்டத்துக்கு டேங்கை நம்பாதீர்கள். ஒரு சிறு கேனில் புதிய பெட்ரோலை நிரப்பி, தனி ஹோஸ் வழியே கொடுங்கள். கேன் சூடான பகுதிக்கு எட்டவே இருக்கட்டும். எரிபொருள் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். அந்தக் கலவையில் பழைய ரப்பர் ஊறி உப்பிவிடும். காலி டேங்கை வீட்டில் வெல்டு செய்ய நினைக்கவே வேண்டாம். வெறும் டேங்கில் மிஞ்சியிருக்கும் ஆவிதான் வெடிக்கும்.

எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக்குகள் இல்லாமலேயே செல்ஃபால் பத்துப் பத்து நொடியாகச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பிய பிறகே பிளக்குகளைப் பூட்டுங்கள். டீசல் எஞ்சினில் பைப்புகளிலிருந்து காற்றை எடுக்க வேண்டும். அந்த வேலையில் இன்ஜெக்டர் பைப் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் ஓட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிறுத்தி, கசிவு பாருங்கள். பிறகு ஐந்து நிமிடம். மூன்றாவது முறை சூடேறும்வரை ஓடட்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகும் நேரத்தைக் கவனியுங்கள். அது சூடாகாமல் எஞ்சின் மட்டும் கொதித்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. சிந்திய கூலன்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயும் பூனையும் நக்காதபடி உடனே துடைத்துவிடுங்கள்.

8. வயரிங்

பழைய வண்டிகளின் மின்கோளாறுகளில் பெரும்பகுதி எர்த் இணைப்பில்தான். மங்கலாக எரியும் விளக்கு, ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் மினுக்கும் இண்டிகேட்டர், மெதுவாகச் சுற்றும் செல்ஃப் எல்லாவற்றுக்கும் முதலில் எர்த் கம்பிகளைக் கழற்றி, முனையையும் அது உட்காரும் இடத்தையும் வெறும் உலோகம் தெரியுமளவு உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டுங்கள்.

முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளவிட்டு, 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்தக் கம்பியில் தடை இருக்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைப் போடாதீர்கள். அடுத்து எரிவது வண்டி. வயர்களை ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் பூட்டி, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்தது.

9. துருவும் பெயின்டும்

இப்போது வண்டி நிற்கும், ஓடும். கடைசியாகத்தான் அழகு. துரு மூன்று வகை. மேலே படர்ந்தது: தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கொண்ட துரு மாற்றியைப் பூசி, பிரைமர் அடிக்கலாம். குழி விழுந்தது: ஆழத்தைப் பொறுத்தது. ஓட்டை விழுந்தது: நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிந்து புதிய தகடு வைக்க வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி பூசி மறைத்தால் அது ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளித்து வெளியே வரும். பட்டி என்பது சிறு மேடுபள்ளத்தைச் சமப்படுத்த மட்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் வெடிக்கும்.

வெல்டு செய்யும் நாளில் பேட்டரியைக் கழற்றுங்கள், தகட்டின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு செய்யவே கூடாது; சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாக மாறும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். இருக்கைப் பஞ்சில் விழுந்த பொறி புகைந்து தீயாக நேரம் எடுக்கும்.

பிரைமர் அடித்துவிட்டோமே என்று மாதக்கணக்கில் விடாதீர்கள். சாதாரணப் பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அடியில் துரு மறுபடி தொடங்கும். எபாக்சி பிரைமர் தாங்கும். அதையும் பகுதி பகுதியாகச் செய்யுங்கள்: இந்த மாதம் இடது கதவு, அடுத்த மாதம் வலது கதவு. இறுதிப் பெயின்டை மட்டும் ஒரே நேரத்தில் பட்டறையில் கொடுத்து அடியுங்கள். இரு கலவைப் பெயின்டின் கெட்டிப்படுத்தியில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது; வெளிக்காற்று தரும் கவசம் வேண்டும். வீட்டில் அது யாரிடமும் இருப்பதில்லை.

கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. பட்டியும் பெயின்டும் அவற்றை அடைத்துவிடும். பெயின்ட் காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுத் திறங்கள். பிறகு உட்புறக் குழிகளில் மெழுகுத் தெளிப்பு.

10. டயர், காப்பீடு, முதல் ஓட்டம்

டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் டாட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தையது. பத்து ஆண்டு கடந்த டயரை, புதிதுபோலத் தெரிந்தாலும், ஓட்டத்துக்கு வைக்காதீர்கள். மாற்று டயரையும் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் எல்லாவற்றிலும் மூத்தது.

காப்பீட்டாளரிடம் புகைப்படங்களையும் ரசீதுகளையும் காட்டி, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகைக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் வயதுக்கேற்பத் தேய்ந்த மதிப்பே கிடைக்கும்; நீங்கள் போட்டது கணக்கில் வராது. பெயர் மாற்றம், காப்பீடு, தகுதிச் சோதனை முடியும்வரை சாலையில் ஏறாதீர்கள்.

முதல் ஓட்டம் மூடிய இடத்தில், நடைவேகத்தில், பிரேக்கை மட்டும் சோதிக்க. பிறகு ஐந்து கிலோமீட்டர். இறங்கி நான்கு சக்கர மையங்களையும் கையால் தொடுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள். 500 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். உள்ளே தளர்ந்த அழுக்கெல்லாம் அதில் வந்திருக்கும்.

முதல் மூன்று மாதம், இரவு நிறுத்தும்போது வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, அதில் சக்கரங்களின் இடத்தைக் குறித்து வையுங்கள். காலையில் சொட்டுகளைப் பாருங்கள். கறுப்பு அல்லது பழுப்பு எஞ்சின் ஆயில். கெட்டியாகக் கந்தக நாற்றம் அடிப்பது கியர் ஆயில். பச்சையோ ஆரஞ்சோ, இனிப்பு வாசனையோடு, கூலன்ட். சக்கரத்தின் உட்புறம் தெளிவாக, வழுக்கலாக இருந்தால் அது பிரேக் ஆயில்; அன்று வண்டியை எடுக்கக் கூடாது. என் அட்டையில் டிஃபரன்ஷியலின் (பின் ஆக்ஸில் நடுவிலுள்ள கியர் பெட்டி) முன்முனைக்கு நேர்கீழே இப்போதும் மாதம் ஒரு சொட்டு விழுகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அளவு பார்த்து நிரப்பி, தேதியைக் குறித்துக்கொள்கிறேன். இரண்டு சொட்டாகும் மாதத்தில் அந்தச் சீலை மாற்றுவேன், அதை மட்டும்.